வீட்டில் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்க முடியுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2023 மே 27

என் மகள் இந்த ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். பள்ளி என்றாலே காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள். நானும் என் மனைவியும் பட்டதாரிகள். கட்டணம் கட்டுவதை நிறுத்திவிட்டு நாங்களே வீட்டில் சொல்லிக் கொடுத்தால் என்ன? பெற்றோர் இருவர் முழு மனதோடு இறங்கினால் எந்தப் பள்ளியும் அவர்களுக்கு ஈடாகாது என்றே நினைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

2023 மே 28

நான் செய்துகொண்டிருக்கிறேன். பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். மகனுக்குப் பதினொரு வயது. 2021 டிசம்பரிலிருந்து வீட்டில்தான் படிக்கிறான். உங்கள் கேள்விக்கு என் பதில்: முடியும்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவன் மூன்றாம் வகுப்பு. கைப்பேசி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, அவன் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறான். அக்கா உரக்க வாசிப்பதை இரண்டு முறை கேட்டுவிட்டால் பாடம் முழுவதும் மனப்பாடம். விரல் வரியின்மேல் ஓடும், வாய் பிழையில்லாமல் சொல்லும். ஆனால் விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். மூன்று வருடமாக ஆசிரியர்கள் யாரும் கவனிக்கவில்லை. பெற்ற நானும் கவனிக்கவில்லை.

2021 நவம்பர் 1 அன்று சிறு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. அனுப்பினோம். மூன்றாவது வாரம் தமிழ்ப் பாடத்தை நடுவிலிருந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரியிலிருந்து என்றால் சொல்லியிருப்பான். நடுவிலிருந்து அவனுக்கு வழி தெரியவில்லை. வகுப்பு முழுவதும் சிரித்து முடிக்கும்வரை நிற்க வைத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் புத்தகப் பையைப் பரணில் ஏற்றிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் சாத்திவைத்தான். யாரும் பையை இறக்கக் கூடாதாம். மறுவாரம் டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துக் கூட்டி வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, என்று பரிசோதித்துச் சொன்னார்கள். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டேன்.

2023 மே 30

சட்டப்படி இது குற்றமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நானும் முதல் ஆறு மாதம் பயந்தே கிடந்தேன். வாசலில் யாராவது சரக்கென்று வண்டியை நிறுத்தினால்கூட அதிகாரியோ என்று தோன்றும்.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. 'கட்டாயம்' என்ற சொல்லின் சுமையை 8ஆம் பிரிவு அரசின் தலையில்தான் வைக்கிறது. பள்ளியைக் கட்டுவதும், பிள்ளை வந்து படித்து முடிப்பதை உறுதிசெய்வதும் அரசின் பொறுப்பு. ஆகவே அந்தச் சட்டத்தில் வீட்டுக் கல்வியை அனுமதிக்கிறது என்று எழுதிய வரியும் இல்லை, செய்தவரைத் தண்டிக்கும் வரியும் இல்லை. இந்த இடைவெளியில்தான் நாங்கள் இருக்கிறோம். தெரிந்தே இறங்குங்கள்.

தேர்வுக்கு வழி இருக்கிறது. நம் மாநிலத்தில் பன்னிரண்டரை வயது நிறைந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பையும் அப்படியே எழுதலாம், ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இன்னொரு வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி. அதில் பத்தாம் வகுப்புக்கு வயது 15 ஆகியிருக்க வேண்டும்.

2023 ஜூன் 3

எப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்று கேட்டவருக்கு.

தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் எழுத வைத்தேன். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியதும், விஜயதசமி அன்று அரிசியில் எழுத வைப்பதும் இதேதான். அவனுக்கு எழுத்தின் வடிவம் கண் வழியாக மட்டும் போனால் நிற்பதில்லை, விரல் வழியாகவும் போக வேண்டியிருந்தது.

தமிழில் அவனுக்குப் பெரிய முட்டுக்கட்டை ஒற்றைக்கொம்பு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு துணைக்கால், நடுவில் க. 'கொடி' என்ற சொல்லைப் பார்த்ததும் கொம்பைத் தனி எழுத்தாக எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவான். நமக்கு இது கண்ணிலேயே படுவதில்லை. மூன்று மாதம் கொம்பு வரும் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். முதலில் க எழுது, பிறகு அதற்கு முன்னால் கொம்பு போடு, பிறகு கால் போடு. எழுதும் வரிசையை மாற்றினேன். எழுதியதைச் சொல்லிக்கொண்டே எழுதினான். 2022 ஏப்ரலில் ஒரு நாள் பேருந்தின் நெற்றிப் பலகையில் 'கொக்கிரகுளம்' என்பதை, பேருந்து கிளம்பும் முன்பே, வாசித்துவிட்டான். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு ஆசிரியரால் ஒரு கொம்புக்கு மூன்று மாதம் ஒதுக்க முடியாது. என்னால் முடிந்தது.

2023 ஜூன் 12

வெயிலால் தள்ளிப்போன பள்ளி இன்று திறந்திருக்கிறது. காலை எட்டரைக்குள் தெருவில் ஒரு பிள்ளை இல்லை. அவன் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

2023 ஜூன் 25

மே 28 அன்று ஒரே சொல்லில் முடியும் என்று எழுதிவிட்டேன். அதன் பிறகு பலர் தனியாகக் கேட்கிறார்கள், வேலையை விடலாமா என்று. அவர்களுக்காக மறைத்த ஒன்றை எழுத வேண்டும்.

ரவைத் தாம்பாளம் நன்றாகப் போனது. அதனால் எனக்கு வேகம் பிடித்தது. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு, பிறகு மூன்று முதல் ஐந்து. சுவரில் கால அட்டவணை. மாத முடிவில் தேர்வு. அவன் தடுமாறினால் என் முகம் மாறும். நான் ஒரு வார்த்தையும் சொல்லாவிட்டாலும் அவன் புத்தகத்தைப் பார்க்காமல் என் முகத்தைத்தான் பார்ப்பான். பள்ளியில் நாற்பது பேரில் ஒருவனாகவாவது ஒளிந்துகொள்ளலாம். இங்கே அவன் ஒருவன், நான் ஒருத்தி. ஒரு நாள் 'ழ' வராததற்கு அவன் கையைப் பிடித்து ரவையில் அழுத்தினேன். விரல் தாம்பாளத்தில் தேய்ந்து சிவந்துவிட்டது.

2022 ஆகஸ்டில் தெருவில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டான். நான் வாசல் திண்ணையில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தான். நொண்டிக்கொண்டே என்னைத் தாண்டி எதிர்வீட்டு ஆச்சியிடம் போனான். ஆச்சி முந்தானையால் துடைத்து மஞ்சள் வைத்துக்கொண்டிருந்ததை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அழுது முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தான்.

அன்றிரவு அட்டவணையைக் கிழித்தேன். அவனுக்கு ஆசிரியர்கள் வேறு யாராவது இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். கேள்வி கேட்டவரே, உங்கள் மகளுக்கு என்ன பாடம் எப்படி எடுப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாடம் எடுத்து முடித்த பிறகு அவள் யார் மடியில் வந்து படுப்பாள் என்பதை முதலில் யோசியுங்கள்.

2023 ஜூன் 26

இன்னொருவர் எழுதுகிறார், இது என் குணக் கேடு, பொறுமையுள்ள தாய்க்கு இது நேராது என்று. இருக்கலாம். ஆனால் நான் மற்றவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இப்படி ஆவதில்லை. எதிர்வீட்டுப் பேரன் ஒரு கணக்கைப் பத்து முறை தப்பாகப் போட்டாலும் எனக்கு வலிப்பதில்லை. என் பிள்ளை என்றால் ஒவ்வொரு தப்பும் அவனுடைய நாளைய பிழைப்பாகத் தெரிகிறது. பொறுமை அங்கேதான் அறுந்துபோகிறது.

2023 ஜூலை 9

யார் ஆசிரியர்கள் என்று கேட்டீர்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு சார் ஒருவர், வாரம் இரண்டு நாள். கதை சொல்ல ஆச்சி. என் கணவரின் மோட்டார் வைண்டிங் கடையில் சனிக்கிழமை. ஆனால் அவனுக்கு உண்மையில் கணக்கைத் திறந்துவிட்டவர் தெருமுனைத் தச்சர். நிலைக்கதவு, கட்டில் செய்பவர். எட்டாவது வரை படித்தவர்.

பின்னம் என்றாலே என் மகன் முடங்கிவிடுவான். மூன்றின் கீழ் எட்டு பெரியதா, ஒன்றின் கீழ் இரண்டு பெரியதா என்று கேட்டால் எட்டைப் பார்த்துவிட்டு முதலாவதுதான் என்பான். தச்சுப் பட்டறையில் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நூல் என்கிறார்கள். எட்டு நூல் ஒரு அங்குலம். நான்கு நூல் அரை அங்குலம். மரத்தில் மூன்று நூல் சீவ வேண்டிய இடத்தில் நான்கு நூல் சீவினால் மூட்டு ஆடும். ஒரு வாரத்தில் அவனுக்கு மூன்றின் கீழ் எட்டு என்பது எண்ணாக இல்லாமல் ஒரு கனமாகத் தெரிந்துவிட்டது. இரு விரலை இடுக்கி "இவ்வளவு" என்று காட்டுவான். அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

இதை ஆச்சியிடம் சொன்னபோது அவர், "அரைக்கால் அங்குலத்தைத்தானே நூல் என்கிறான்?" என்றார். அவருடைய அப்பா மளிகைக்கடையில் கணக்கெழுதியவர். கால், அரைக்கால், மாகாணி என்று கடகடவென்று இறங்கினார். காலில் பாதி அரைக்கால், எட்டில் ஒன்று. அதில் பாதி மாகாணி, பதினாறில் ஒன்று. பெயருக்குள்ளேயே பாதி என்ற செய்தி இருக்கிறது பாருங்கள். நாம் பள்ளியில் படித்த 'ஒன்றின் கீழ் எட்டு' என்பதில் அந்தச் செய்தி இல்லை. இரண்டு நாள் அவர்கள் இருவரும் திண்ணையில் புளியங்கொட்டைகளைப் பாதி பாதியாகப் பிரித்து விளையாடினார்கள்.

தாயும் தந்தையும் மட்டும் போதும் என்று உங்கள் கேள்வியில் இருந்ததே, அதில்தான் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை.

2023 ஆகஸ்ட் 20

காந்தி தாமே பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததை ஒருவர் உதாரணமாக எடுத்துப் போட்டிருக்கிறார். நல்ல உதாரணம், ஆனால் முழுவதையும் பார்க்க வேண்டும்.

1910இல் ஜோகன்னஸ்பர்கிலிருந்து 21 மைல் தொலைவில், நண்பர் காலன்பாக் கொடுத்த 1100 ஏக்கரில் காந்தியின் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே காந்தியும் நண்பர்களுமே பாடம் எடுத்தார்கள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள் என்பதால் தமிழ் எழுத்தே அவர்களுக்குத் தெரியாது. காந்திக்குத் தெரிந்த தமிழும் ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டைத் தாண்டாதது. அதை வைத்துக்கொண்டு எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் கற்பித்தார். பேச்சில் பிள்ளைகள் அவரை வென்றுவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் அவரைப் பார்க்க வந்தால் அதே பிள்ளைகள்தாம் மொழிபெயர்ப்பாளர்கள். தம் அறியாமையைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை, அதனால் அவர்களோடு ஒட்டிப்போக முடிந்தது என்று தம் சுயசரிதையில் எழுதுகிறார். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வகுப்பு என்பதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே தூங்கி விழுந்து, கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்களாம்.

ஆனால் அவருடைய மூத்த மகன் ஹரிலால், முறையான படிப்பு தனக்குக் கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கலோடு 1911இல் தந்தையைப் பிரிந்து இந்தியாவுக்குப் படிக்க வந்தார். ஊரார் பிள்ளைகளிடம் ஒட்டிய அதே மனிதருக்குச் சொந்த மகனிடம் ஒட்டவில்லை. இதைப் படித்தபோது என் மனம் முழங்கால் காயத்துக்குத்தான் போனது.

2023 செப்டம்பர் 17

"பள்ளிகளையே மூடிவிட்டால் பெற்றோர் பொறுப்போடு பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுதியவருக்கு. மூடித்தான் பார்த்தோமே. சிறு வகுப்புகளுக்கு 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் வரை, பத்தொன்பது மாதம்.

எங்களுக்குப் பின்தெருவில் பீடி சுற்றும் பெண் ஒருவர் இருக்கிறார். அவர் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அந்த வீட்டில் ஒரு கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா இலை வெட்டிச் சுற்ற, மகள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டினாள். பள்ளி திறந்தபோது அவள் தன் பெயரை எழுத மறந்திருந்தாள். அந்தத் தாய்க்கு அன்பு குறைவா? அக்கறை குறைவா? என்னிடமே வந்து, "அக்கா, இவளுக்கு அ ஆ மட்டுமாவது சொல்லிக் கொடுங்கள்" என்று நின்றவர். எனக்குக் கணவர் வருமானம் இருந்தது, என் 14,000 ரூபாய் சம்பளத்தை விட முடிந்தது. அவரால் ஒரு நாளின் ஆயிரம் பீடியை விட முடியாது.

2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கி, பிறகு எங்கள் பகுதிக்கும் தன்னார்வலர் வந்தார். கல்லூரி முடித்த பெண். மாலையில் ஒன்றரை மணி நேரம், கோவில் மண்டபத்தில். அந்தச் சிறுமி அங்கேதான் மீண்டும் எழுத்துக் கூட்டினாள். என் மகனும் போய் ஓரமாக உட்காருவான்.

வீட்டில் படிக்க வைக்கலாமா என்று நாம் பேசுவதே ஒரு வசதி. நமக்கு அந்த வசதி இருக்கிறது என்பதற்காகப் பள்ளி வேண்டாம் என்று பொதுவாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. இதில் எனக்குக் கோபமே வருகிறது.

2023 டிசம்பர் 27

பத்து நாளாக எழுத முடியவில்லை. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. குறுக்குத்துறை முருகன் கோவில் வெள்ளத்துக்குள் போனது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மூன்று நாள் மின்சாரம் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று செய்தித்தாளில் வந்ததை அக்கா வாசித்தாள். அவன் எழுந்து போய் டேப் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். நீளம் 9 மீட்டர், அகலம் 6 மீட்டர். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினான். ஒரு சதுர மீட்டரில் ஒரு செ.மீ. மழை என்றால் 10 லிட்டர். 95 செ.மீ. என்றால் 950. அதை 54 ஆல் பெருக்கி 51,300 லிட்டர். எங்கள் மாடித் தொட்டி 1000 லிட்டர் பிடிக்கும். "நம் மாடியில் அந்த மழை பெய்திருந்தால் ஐம்பத்தொரு தொட்டி, அம்மா" என்று வந்து சொன்னான். பெருக்கலைப் பாதியில் தப்பாகப் போட்டு, தானே அடித்துத் திருத்தியிருந்தான். நான் சரிபார்க்கவில்லை. தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

2024 பிப்ரவரி 11

இரண்டு திருத்தங்கள்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14. நான் மே மாதம் 15 என்று எழுதியது பன்னிரண்டாம் வகுப்புக்குரியது. யாராவது அதை நம்பி ஒரு வருடம் காத்திருந்தால் மன்னிக்கவும்.

இரண்டாவது, என் மகளைப் பற்றி எழுதவே இல்லை. அவள் பத்தாம் வகுப்பு, பள்ளிக்குத்தான் போகிறாள், அதுவும் ஓட்டமாக. வலைப்பந்து அணி, தோழிகள், அறிவியல் டீச்சர் என்று வீட்டில் பேச்சு ஓயாது. இரண்டு வருடம் முன்பு அவளையும் நிறுத்தலாமா என்று நானும் என் கணவரும் பேசியதை ஒட்டுக் கேட்டுவிட்டு இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே பெற்றோர். ஆகவே முடியுமா என்று பெற்றோரை மட்டும் வைத்துக் கேட்பதில் பாதிக் கேள்வி விட்டுப்போகிறது.

2024 மார்ச் 3

சாயங்காலம் நான்கரைக்குப் பள்ளி வேன் வந்து நிற்கும். அவன் நான்கு மணிக்கே கேட்டில் நிற்பான். மற்றவர்கள் பையை எறிந்துவிட்டு வரும்வரை பந்தைத் தானே சுவரில் அடித்துக்கொண்டிருப்பான். மற்றப் பிள்ளைகளோடு பழக வேண்டாமா என்ற கேள்விக்கு இதுவரை உறவினர், பட்டறை, மண்டபம் என்று ஏதேதோ பதில் சொல்லி வந்தேன். உண்மையில் அந்த அரை மணி நேரத்துக்கு என்னிடம் பதில் இல்லை. போன வாரம் அவனே கேட்டான், "எட்டாவதில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?" என்று.

2024 ஜூன் 16

சேர்த்துவிட்டோம். 10ஆம் தேதி பள்ளி திறந்தது, எட்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி. தனித்தேர்வு எழுதத் தேவை வரவில்லை. அதே 2009 சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளிக்குப் போகாமல் இருந்த பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. இதை அன்றே எழுதியிருக்க வேண்டும். திரும்பும் வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால் பலருக்குப் பயம் குறையும். தலைமையாசிரியை பழைய சான்றிதழைக்கூடப் பிறகு கொண்டுவரச் சொன்னார். டிஸ்லெக்சியா அறிக்கையை முழுவதும் வாசித்தார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது, பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்டு வாங்கலாம் என்று அவரே சொன்னார்.

பையைப் பரணிலிருந்து அவனே இறக்கினான். சின்னதாகிவிட்டிருந்தது. புதிது வாங்கினோம்.

2024 ஜூன் 17

"அப்படியானால் வீட்டுக் கல்வி தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்கிறீர்களா?"

இல்லை. 2021இல் அவன் அந்தப் பள்ளியிலேயே இருந்திருந்தால் இன்று எந்தப் பள்ளி வாசலையும் மிதித்திருக்க மாட்டான். அந்த இரண்டரை வருடம் அவனுக்குத் தேவைப்பட்டது, கொடுக்க எங்களால் முடிந்தது. இனி அவனுக்கு வேண்டியது எங்கள் வீட்டில் இல்லை. கேள்வி கேட்டவரே, உங்கள் மகளின் வயிற்றுவலிக்கு என்ன காரணம் என்று தெரிந்ததா? ஒரு வருடமாக நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. யார் பக்கத்தில் உட்கார்கிறாள், கழிப்பறைக்குப் போக விடுகிறார்களா, எந்த வகுப்பு இருக்கும் நாளில் வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பள்ளியை மாற்றினாலே போதும் என்றும் இருக்கலாம்.

2024 ஆகஸ்ட் 4

எப்படிப் போகிறான் என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான், ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம். தமிழாசிரியர் முந்தின நாளே பக்கத்தைச் சொல்லிவிடுகிறார், இரவில் ஒரு முறை வாசித்துவிட்டுப் போகிறான். நான் பக்கத்தில் உட்காருவதில்லை. கணக்கில் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறானாம்.

போன வாரம் அவன் உட்காரும் பெஞ்சு ஆடுகிறது என்று ஒரு கால் எவ்வளவு குறைவு என அளந்து வந்தான். மூன்று நூல். சனிக்கிழமை பட்டறைக்குப் போய்த் தச்சரிடம் அதே கனத்தில் தேக்குத் துண்டு ஒன்று சீவி வாங்கி, திங்கட்கிழமை பையில் போட்டுக்கொண்டு போனான். சாயங்காலம் வந்து, "ஆடவில்லை" என்றான்.